விரிப்பின் மறுமுனை

லாண்டரியில் எல்லோரும் அவளைக் கஞ்சியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கஞ்சத்தனத்துக்கு வந்த பெயர் இல்லை அது. கஞ்சி போட்டுத் தேய்த்த துணி மாதிரி ஒரு விறைப்பு அவளிடம் உண்டு, அதற்கு வந்த பெயர். கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் வந்து நிற்பாள். வம்பு பேச மாட்டாள். கூட வேலை செய்கிறவள் விரிப்பைக் கோணலாக மடித்தால் வாயைத் திறக்காமல் உதறிப் பிரித்து, மறுபடி அவள் கையில் மூலையை நீட்டுவாள். அதற்கு நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும். பொய் சொல்ல மாட்டாள், சொன்ன சொல் தவற மாட்டாள், ஞாயிறு ஆராதனையை மழைக்கும் விட மாட்டாள். இப்படிப்பட்டவர்களோடு ஒரு வீட்டில் குப்பை கொட்டுவது சுலபமில்லை. ஆனால் அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுப் பழகிய மனுஷனுக்கு இவள் மௌனம் ஓய்வாகவே இருந்தது.

ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் விரிப்புகளைத் துவைத்து மடித்து அனுப்புவதுதான் அந்த லாண்டரியின் வேலை. ஈர விரிப்பு ஒரு பக்கமாகச் சூட்டு உருளைகளுக்குள் போய், இந்தப் பக்கம் மொரமொரப்பாகக் கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். அதை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, இழுத்து, நடந்து வந்து ஒருவர் கையில் ஒருவர் கொடுத்து மடிக்க வேண்டும். ஒரு மூலை தரையைத் தொட்டால் போச்சு, அது மறுபடி சலவைக்குப் போகும். கஞ்சியக்காவின் எதிர்முனையில் பல வருஷமாக நின்ற பெண்மணி, மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டாள். அன்றைக்கே சூப்பர்வைசர் வந்தார். தொட்டதற்கெல்லாம் பொரிகிற மனுஷன் என்பதால் அவருக்குக் கடுகு என்று பெயர்.

"யாராச்சும் நல்ல ஆள் இருந்தா சொல்லுங்கக்கா. நிரந்தர வேலை. இந்தக் காலத்துல நிரந்தரமான வேலை யாருக்குக் கிடைக்குது?"

"பார்க்கலாம்," என்றாள் கஞ்சியக்கா.

பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆள் யார் என்பது அவர் வாயிலிருந்து 'நிரந்தர' என்ற சொல் வந்த கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. டாக்டர்கள் கைவிரித்த பிறகு, ஆதரவற்ற பிள்ளைகளைக் கொஞ்ச காலத்துக்கு வீட்டில் வைத்து வளர்த்துத் தருகிறவர்களின் வரிசையில் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அப்படி வந்தவள்தான் வாலு. வரும்போது பேச்சு திருந்தாத சின்னப் பெண். இப்போது முன்பல் விழுந்து, அந்த ஓட்டை வழியாக உலகத்தையே விசாரிக்கிறவள். அம்மா என்று கூப்பிடப் பழக்காதீர்கள் என்று குழந்தைகள் நல அலுவலக மேடம் ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் பெரியம்மா. வாலு அந்தச் சொல்லை இழுத்துக் கூப்பிடும்போது 'பெரி' தேய்ந்து காணாமல் போய்விடும். கஞ்சியக்கா அதைத் திருத்தவே இல்லை. ஊரில் எல்லோருடைய கோணல் மடிப்பையும் பிரித்துச் சரிசெய்கிறவள், இந்த ஒரு கோணலை மட்டும் அப்படியே விட்டு வைத்திருந்தாள்.

பெற்றவள் உயிரோடுதான் இருந்தாள். குடி. பிள்ளையை அறையில் பூட்டிவிட்டு எங்கேயோ விழுந்து கிடந்த நாளில்தான் அலுவலகம் வாலுவைத் தூக்கிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் மறுவாழ்வு இல்லம், விழுவது, எழுவது, மறுபடி விழுவது. இப்போது எழுந்து நின்றுவிட்டாள் என்று போன வாரம்தான் மேடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"ரொம்ப நாளா தொடவே இல்ல. ரூம் எடுத்துட்டா, சுத்தமா வச்சிருக்கா. ஒரு நிரந்தர வேலை மட்டும் இருந்துட்டா பிள்ளைய ஒப்படைச்சிடலாம். அது இல்லாமத்தான் நிக்குது. கிடைக்கலன்னா, பிள்ளை இங்கயே இருக்கறதுக்கு ஏற்பாடு பண்ணிடுவோம். எத்தன நாள்தான் இழுக்கறது?"

கஞ்சியக்கா மேடத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

படுக்கப் போகுமுன் ஜெபம் பண்ண வாலுவுக்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். வந்த புதிதில் பிள்ளை எதற்கெடுத்தாலும் அலறும். கண்ணை மூடி, கையைக் கூப்பி, யாருக்கு என்ன வேண்டுமோ ஆண்டவரிடம் கேள் என்று பழக்கினாள். "அம்மாவுக்காகக் கேளு" என்று சொல்லிக்கொடுத்ததும் அவளே. அன்றைக்கு அது தாராள மனசாகத் தெரிந்தது. பெற்றவள் தேற மாட்டாள் என்ற நம்பிக்கையில் காட்டிய தாராளம் என்பது இப்போதுதான் உறைத்தது.

கடுகு கேட்டுவிட்டுப் போன அன்று மாலையும் வாலு முழங்கால் போட்டாள்.

"ஆண்டவரே, எங்க அம்மாவுக்கு ஒரு நல்ல வேலை கிடைக்கணும். வேன்ல ஒரு பையன் என் பென்சிலக் கடிச்சுட்டான், அவனுக்குப் பல் வலிக்கணும். இல்ல, வேணாம், லேசா வலிச்சா போதும். ஆமென்."

அவள் காத்திருந்தாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"பெரியம்மா, நீங்க ஆமென் சொல்லல."

"பல் வலிக்கணும்னு கேட்டா எப்படிச் சொல்றது?"

"அதத்தான் மாத்திட்டேனே!"

"ஆமென்," என்றாள் கஞ்சியக்கா.

அந்த வாரம் முழுக்க அவள் ஆண்டவருக்குச் செய்த சேவைக்கு அளவே இல்லை. ஆலயத்தின் ஜன்னல் கம்பிகளை எல்லாம் துடைத்தாள். கால் ஒடிந்து கிடந்த சபைக்கார அம்மாளுக்குச் சமைத்துக் கொண்டுபோய் ஊட்டிவிட்டு, அவளுடைய மருமகளைப் பற்றிய புலம்பலையும் பொறுமையாகக் கேட்டாள். ஒரு பொழுது உபவாசம் இருந்தாள். மனிதர்களிடம் ஒருநாளும் பேரம் பேசாதவள், ஆண்டவரிடம் சந்தைக்கடைக்காரி மாதிரிப் பேரம் பேசினாள். இதை எடுத்துக்கொள்ளும், அதை எடுத்துக்கொள்ளும், அந்த ஒன்றை மட்டும் கேட்காதேயும். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் முழங்கால் போட்டால் போதும், எதிர்முனையில் ஆளில்லாமல் தொங்குகிற விரிப்புதான் கண்ணுக்குள் வந்து நிற்கும். சொல்லு என்று மட்டும் உள்ளே ஒரு சத்தம் கேட்கும். கோபமான சத்தமில்லை. கோபமாக இருந்தால் எதிர்த்து நின்றிருப்பாள்.

லாண்டரியில் ஆள் கேட்டதை வீட்டுக்காரரிடம் சொன்னாள். வேனைக் கழுவிக்கொண்டிருந்த அவர் குழாயை மூடினார்.

"நீ சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்," என்றார். பிறகு, "என்கிட்டச் சொல்லாமயே இருந்திருக்கலாம் நீ," என்றார். அவர் குரல் அப்படி உடைந்து அவள் கேட்டதில்லை.

பாஸ்டரிடமும் போனாள். விஷயத்தை முழுசாகச் சொல்லாமல், "செய்ய மனசே இல்லாத ஒண்ண ஆண்டவர் செய்யச் சொல்வாரா?" என்று கேட்டாள். பாஸ்டர் ஒரு கல்யாண வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "கீழ்ப்படிஞ்சு பாருங்கம்மா, தன்னால சமாதானம் வரும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் சொன்னபடி எதுவும் நடக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் கடுகிடம் சொன்னாள். சொன்ன விதத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

"ஒரு பொண்ணு இருக்கா. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அவ குடிச்சிட்டு இருந்தவ. பெத்த பிள்ளையப் பறிகொடுத்தவ. இந்த மாதிரி வேலை செஞ்ச பழக்கமும் கிடையாது. மறைக்கக் கூடாது பாருங்க."

உண்மை சொல்வதும் ஆண்டவருக்குக் கீழ்ப்படிவதுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எந்த சூப்பர்வைசரும் இதைக் கேட்டபிறகு வேண்டாம் என்றுதான் சொல்வார். சொல்ல வேண்டியதைச் சொன்ன மாதிரியும் ஆயிற்று, பிள்ளை வீட்டில் இருந்த மாதிரியும் ஆயிற்று. ஆனால் கடுகு தலையைச் சொறிந்துகொண்டு யோசித்துவிட்டு, "நீங்களே வாயத் திறந்து ஒருத்தருக்காகச் சொல்றீங்கன்னா அதுல ஏதோ இருக்கும்க்கா. வரச் சொல்லுங்க. கொஞ்ச நாள் பார்ப்போம், சரிப்பட்டா வச்சுக்கலாம்" என்றார். ஆயுசுக்கும் சேர்த்து வைத்த நல்ல பெயர் இப்படியா வந்து காலை வாரும்!

மேடம் மூலமாகச் சொல்லியனுப்பியதும் பெற்றவள் வந்தாள். ஒல்லியான, இன்னும் பிள்ளைத்தனம் போகாத முகம். வாலுவின் நெற்றி, வாலுவின் புருவம். கஞ்சியக்காவால் அந்த முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. "அக்கா, நீங்கதான் சொன்னீங்களாம்" என்று அவள் கையைப் பிடிக்க வந்தபோது, "அந்த மூலையப் பிடி" என்று விரிப்பை நீட்டினாள்.

இந்த வேலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உருளையிலிருந்து வரும் விரிப்பை விரல் நுனியால் பிடிக்கக் கூடாது. பிடித்தால் சுடும், சுட்டால் கை தானாக விடும், விட்டால் மூலை தரையில். ஓரத்தில் தடித்து மடித்துத் தைத்திருக்கும் விளிம்பை உள்ளங்கையில் வாங்கி, ஒரு உதறு உதறிக் காற்றை உள்ளே விட வேண்டும். காற்று சூட்டை வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் விரல். கஞ்சியக்காவுக்கு அவள் எதிர்முனைக்காரி முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இது. இவள் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலை வாங்கிக் கொடு என்றுதான் உத்தரவு, வேலை கற்றுக்கொடு என்று யாரும் சொல்லவில்லையே!

பெண் விரல் நுனியால் பிடித்தாள். சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். மூலை விழுந்தது. மறுசலவைக் கூடை நிரம்பி வழிந்தது. கஞ்சியக்கா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஒவ்வொரு தடவையும் விழுந்ததை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு வந்து பொறுமையாக நின்றாள். பார்க்கிறவர்கள், எவ்வளவு நல்ல மனசு என்று சொன்னார்கள். கடுகு மட்டும் கூடையை எட்டிப் பார்த்துவிட்டுப் பொரிந்தார்.

"இப்படியே போனா இந்த வாரத்தோட சரிம்மா. ஆஸ்பத்திரிக்காரன் என்னைத்தான் கேப்பான்!"

அந்தச் சொல்லைக் கேட்டு கஞ்சியக்காவின் நெஞ்சு துள்ளியது. ஆம், துள்ளியது. அதை மறைத்து எழுதி அவளை உத்தமியாக்க எனக்கு மனசில்லை. இந்த வாரம் கழிந்தால் போதும். ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா நின்றால் போதும்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஸ்பூனைப் பிடிக்க முடியாமல் உள்ளங்கைக்குள் வைத்துத் தள்ளிச் சாப்பிட்டாள்.

"அக்கா, பாப்பா இன்னும் தட்டுல சோறும் பொரியலும் ஒண்ணோட ஒண்ணு தொட்டா அழறாளா?"

கஞ்சியக்காவுக்குச் சுருக்கென்றது. அந்தப் பிடிவாதம் தன் வீட்டில் முளைத்தது என்று நினைத்திருந்தாள். அதற்காகவே உள்ளே தடுப்புகள் வைத்த தட்டு வாங்கி வைத்திருந்தாள். பிள்ளை தன்னிடம் வந்துதான் பிள்ளையானாள் என்பது போல ஒரு எண்ணம்.

"அழறா," என்றாள்.

பெண் சிரித்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, தட்டிடம் பேசுவது போலப் பேசினாள்.

"எனக்கு இந்த வேலை வராதுக்கா. எதுவுமே வந்ததில்ல எனக்கு. அவ உங்ககிட்ட நல்லா இருக்கா. மேடம் போட்டோ காட்டுனாங்க, கன்னம் வச்சிருக்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அவ எங்ககிட்டயே இருக்கட்டும்னு சொல்லுங்க. நான் கைய எடுத்துக்கறேன். உங்க மேல சத்தியமா ஒரு வருத்தமும் பட மாட்டேன்."

ஒரு வார்த்தை. பொய்கூட இல்லை. ஆமாம்மா, அதுதான் பிள்ளைக்கு நல்லது என்றால் முடிந்தது. மேடம் சந்தோஷப்படுவார். வீட்டுக்காரர் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு அழுவார். வாலு இந்த வீட்டிலேயே எல்லாப் பல்லும் விழுந்து முளைத்துப் பெரியவளாவாள். கஞ்சியக்கா எழுந்தாள், சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுத் துணி உலர்த்தும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உலர்த்தும் இயந்திரங்கள் போடும் சத்தத்தில் அங்கே நின்று அலறினாலும் வெளியே கேட்காது. அவள் அலறினாள்.

"என்ன வேணும் உமக்கு? வேல வாங்கிக் குடுன்னீர், குடுத்தேன். இன்னும் என்ன? சரி, நடிச்சேன். உமக்குத் தெரியும் நான் நடிச்சது. கை செஞ்சுது, மனசு செய்யல. என்கிட்ட அந்த மனசு இல்ல ஆண்டவரே. இருந்தா குடுத்திருக்க மாட்டேனா? இல்லாதத எங்க போய் எடுக்கறது? நீர்தான் தரணும். தந்துடாதேயும்னும் உள்ள ஒண்ணு கதறுது. அதையும் கேட்டுக்கும். ரெண்டும் நான்தான். ரெண்டையும் கேட்டுக்கும்."

வெளிச்சம் ஒன்றும் இறங்கவில்லை. சமாதானமும் வரவில்லை. முகம் முழுக்க அனல் அடித்தது, அவ்வளவுதான். அழுது முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பெண் அங்கேயே உட்கார்ந்து, குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியை விரல்களில் சுற்றிக்கொண்டிருந்தாள். நுனியெல்லாம் கொப்புளம். ஒன்று உடைந்து தோல் தொங்கியது. அன்றுவரை கஞ்சியக்கா அந்தக் கையை ஒழுங்காகப் பார்க்கவில்லை. பார்த்ததும் முதலில் தோன்றியது ஆண்டவரும் இல்லை, கீழ்ப்படிதலும் இல்லை. இந்தக் கைதானே வாலுவுக்குத் தலை பின்னும் என்று தோன்றியது. இப்படி ரணமாக இருந்தால் எப்படிப் பின்னும், பிள்ளைக்கு வலிக்குமே என்று தோன்றியது. அவ்வளவு சின்ன எண்ணம். அந்த எண்ணத்துக்குள் அவள் தன்னையறியாமல் பிள்ளையைக் கொடுத்து முடித்திருந்தாள்.

"கையக் காட்டு," என்றாள்.

மருந்து தடவினாள். துணி கிழித்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே சொன்னாள்.

"கைய எடுத்துக்கறேன்ற பேச்ச இனிமே எடுக்காத. அவ தினம் உனக்காகத்தான் ஜெபம் பண்றா. விரல்ல பிடிக்காத, இங்க வாங்கு, உள்ளங்கையில. தடிப்பா இருக்கு பாரு, இந்த விளிம்பு. ஒரு உதறு. சூடு போச்சா? இப்பப் பிடி. நான் இத உனக்கு மொத நாளே சொல்லியிருக்கணும். வேணும்னுதான் சொல்லல."

பெண் அவளையே பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளையைப் பிரிந்தவளுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

வாரக் கடைசியில் கடுகு கூடையை எட்டிப் பார்த்தார். அடி தெரிந்தது. "பரவால்லயே!" என்றார். வேலை நிரந்தரமானது.

ஒப்படைக்கிற நாளில் மேடம் வரவில்லை, வர வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டார். எல்லோருமே ஒத்துக்கொண்ட விஷயம். ஒன்றே ஒன்று மட்டும் சொன்னார். பிள்ளை அங்கே ஒட்டிக்கொள்ளும்வரை நீங்கள் போய்ப் பார்க்காதீர்கள், அவளும் இங்கே வர வேண்டாம், பார்த்தால் மனசு இரண்டாகப் பிரியும்.

வாலு முதலில் துள்ளிக்கொண்டுதான் இருந்தாள். தன் ஜெபத்தால்தான் வேலை கிடைத்தது என்று வேனில் எல்லோரிடமும் பெருமையடித்திருந்தாள். பெட்டியில் சட்டைகளை வைக்க வைக்க அவளே எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசிச் சட்டையும் பெட்டிக்குள் போனபோது நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாத்தையும் ஏன் வைக்கறீங்க? திரும்பி வரும்போது எதப் போட்டுக்கறது?"

வீட்டுக்காரர் வேன் சாவியைத் தேடுகிறேன் என்று கையிலேயே சாவியை வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. பெரியம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"நான் சேட்டை பண்ண மாட்டேன். தட்டுல எல்லாம் தொட்டாக்கூட சாப்பிட்டுக்கறேன். ஒண்ணோட ஒண்ணு கலந்துக்கூட சாப்பிடறேன். என்ன அனுப்பாதீங்க பெரியம்மா."

வாசலில் நின்ற பெண்ணின் முகம் வெளுத்துப்போயிற்று. "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்க்கா," என்றாள். "நான் அப்புறமா வர்றேன்."

மறுபடியும் ஒரு வார்த்தை போதும். சரி என்று தலையை ஆட்டினால்கூடப் போதும். கஞ்சியக்கா குனிந்து, இடுப்பைச் சுற்றியிருந்த அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகத் தானே பிரித்தாள்.

"உங்கம்மா உனக்காக எவ்ளோ கஷ்டப்பட்டிருக்கா தெரியுமா? போகணும். போ கண்ணு."

வாலு அழுகையை நிறுத்தினாள். பெரியம்மாவின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்னப் பிடிக்கல," என்றாள். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

பிடிக்கும் என்று சொன்னால் பிள்ளை விடாது. கஞ்சியக்கா ஒன்றும் சொல்லாமல் நின்றாள். பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. வாலு போய்த் தானாக வேனில் ஏறி, பின்னாலேயே ஏறிய அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கதவு சாத்தும்வரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

அன்றைக்கு அவள் முழங்கால் போட்டாள். சந்தோஷமாகக் கொடுத்தேன் என்று சொன்னால் பொய். வருத்தத்தோடு கொடுத்தேன் என்பதும் முழு உண்மையில்லை. திருப்பிக் கேட்க மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். பக்கத்து அறையில் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் விரிப்பின் எதிர்முனையில் நின்ற பெண்ணின் கண்கள் வீங்கிக் கிடந்தன.

"பொழுது விடியறவரைக்கும் அழுதாக்கா. நடுநடுவுல முழிச்சு அலறுறா. தூக்குனா திமிறுறா. பேசினா காதப் பொத்திக்கறா. உங்களத்தான் கேக்கறா. சாயந்தரம் ஒரு நடை கூட்டிட்டு வந்துடட்டுமா? மேடத்துக்கு யார் போய்ச் சொல்லப்போறா?"

உருளையிலிருந்து விரிப்பு வந்துகொண்டிருந்தது. கஞ்சியக்கா அதை வாங்கினாள், உதறினாள், எதிர்முனைக்கு நடந்து போய் அவள் கையில் கொடுத்தாள். வாலு வந்த புதிதில் இதே அலறல்தான். என்னென்னவோ செய்து பார்த்து, தோற்று, அழுது, கடைசியில் ஒருநாள் தற்செயலாகப் பிடிபட்டது ஒன்று உண்டு. வீட்டுக்காரருக்குக்கூட அது வராது. வாலுவும் அவளும் மட்டும் அறிந்த விஷயம். இது ஒன்று தன்னிடம் இருக்கிறவரை பிள்ளை தன்னைத் தேடுவாள் என்பது அவளுக்குத் தெரியும். தேடட்டுமே என்று ஒரு நிமிஷம் தோன்றவும் செய்தது. இதைச் சொல் என்று இந்தத் தடவை உள்ளே எந்தச் சத்தமும் கேட்கவில்லை. காத்திருந்து பார்த்தாள். இல்லை, கேட்கவில்லை.

"கூட்டிட்டு வராத," என்றாள். "நான் சொல்றதக் கேளு. அலறும்போது தூக்காத, பேசாத, விளக்கப் போடாத. நீ கட்டில விட்டு இறங்கித் தரையில படுத்துக்கோ. அவ பக்கம் திரும்பாம படு. மெதுவா மூச்சு விடு, அவளுக்குக் கேக்கற மாதிரி. அவ்ளோதான். கொஞ்ச நேரத்துல அவளே இறங்கி வருவா. வந்து முதுகுல சாஞ்சுக்குவா. அப்பவும் திரும்பிடாத. தூங்கினதுக்கு அப்புறம் திரும்பு."

பெண் கை வேலையை விட்டுவிட்டுக் கேட்டாள். கஞ்சியக்கா மறுபடி ஒருமுறை சொன்னாள், மறந்துவிடக் கூடாது என்று. சொல்லி முடித்தபோது தன்னிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றியது.

அடுத்த நாள் அவள் வழக்கத்துக்கு முன்னதாகவே வாசலில் வந்து நின்றாள். பெண் தெருமுனையில் திரும்பியதும் முகத்தைப் பார்த்தாள். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். பெண் நெருங்கி வந்தாள். சந்தோஷத்தில் ஓட்டமாக வந்தவள், கடைசி அடிகளில் தயங்கினாள்.

"நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன்க்கா. இறங்கி வந்தா. முதுகுல சாஞ்சுக்கிட்டா." சொல்லலாமா வேண்டாமா என்று உதட்டைக் கடித்தாள். "அப்புறம் விடியறவரைக்கும் முழிக்கல. காலையில என்ன எழுப்பினா, அம்மான்னு. உங்களக் கேக்கல."

கஞ்சியக்கா கேட்டுக்கொண்டது இதைத்தான். இந்தச் செய்தி வர வேண்டும் என்றுதான் முந்தின மாலை முழங்கால் போட்டிருந்தாள். அதில் துளி நடிப்பு இல்லை. இப்போது வந்தும்விட்டது.

"நல்லது," என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அவ்வளவு மனசார அவள் வாழ்நாளில் வேறெந்தச் சொல்லையும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு நிற்க முடியாமல் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் மாதிரி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெண் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சொல்வதென்று தெரியாமல், கட்டுப் போட்ட கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.